போபோடிக்குத் தாத்தா வந்த ஞாயிறு

புனேக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். என் மூத்த அக்கா ரூபி போபோடியில் இருக்கிறாள். ஆகஸ்ட் மழையில் சாமுவேல் அத்தான் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. துக்க வீட்டில் அவள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம், பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்துவிடு என்று பெரியண்ணன் உத்தரவு போட்டுவிட்டார். சனிக்கிழமை வண்டியில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் போட்டாயிற்று.

என்னை எதற்கு அனுப்பினார்கள் என்றால், நான் பெண்கள் விடுதியில் வார்டன். ஒரு கட்டடம் நிறையப் பெண்களை இருட்டுவதற்குள் உள்ளே கொண்டுவந்து கதவைப் பூட்டுகிறவள், சொந்த அக்காவைக் கூட்டி வர மாட்டாளா என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கையில் ஒரு பெட்டி நிறைய அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் இருந்தன. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், வாசலில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். பலகாரம் சொந்தக்காரர்கள்தான் கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கத்து முறை அது.

ஸ்டேஷன் வாசலில் பிடித்த ஆட்டோக்காரர் பேச்சுப் பிரியர். சென்னையா என்று ஹிந்தியில் கேட்டார். சென்னையிலிருந்து இன்னும் ஒரு ராத்திரி தெற்கே போக வேண்டும் என்றேன். அதற்குக் கீழேயும் ஊர் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்திலேயே வண்டி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துபோயிற்றாம். அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தள்ள, உட்கார்ந்திருக்க மனம் கேட்காமல் நானும் இறங்கிப் பின்னால் தள்ளினேன். பட்டுக்கரைச் சேலையும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு புனே பாலத்தில் ஆட்டோ தள்ளுகிற வார்டனை என் விடுதிப் பிள்ளைகள் பார்த்திருந்தால் என் மரியாதை அன்றைக்கே போயிருக்கும்.

குளிரைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் டிசம்பர் என்றால் கொஞ்சம் மழை, மிச்சமெல்லாம் வேர்வை. இங்கே காலை வெயிலிலும் காது விறைக்கிறது. போபோடிச் சந்துக்குள் நுழைந்தபோது வீட்டுக்கு வீடு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சந்தில் தமிழர்கள்தான் பாதி. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கட்கிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள். மாரியம்மன் படம் ஒட்டிய ஒரு கதவுக்கு மேலேகூடக் காகித நட்சத்திரம் தொங்கியது. அழகாக இருக்கிறதே என்று கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. அக்கா வீட்டு வாசலில் கொக்கி மட்டும் இருந்தது.

அக்கா நைட்டிக்கு மேல் அத்தானுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றாள். இடது கையை நீட்டிப் பெட்டியை வாங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் இடது கைக்காரி. எங்கள் அம்மா அடித்துப் பார்த்தாள், சூடு வைப்பேன் என்று மிரட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் கட்டிப் பிடித்து அழத் தயாராக வந்திருந்தேன். அவளோ, "ஜல்தி குளி ஏட்டி, குழாயில பாணி நின்னு போயிரும்" என்று என்னைக் குளியலறைக்குத் தள்ளிவிட்டாள்.

குளித்துவிட்டு வந்தால் தட்டில் போஹா. நம்முடைய அவல் உப்புமாதான். ஆனால் நிலக்கடலை போட்டு, எலுமிச்சை பிழிந்து, மேலே ஓமப்பொடி மாதிரி ஒன்றைத் தூவி, அதைப் பெரிய விஷயமாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பேச்சை எடுத்தேன். சனிக்கிழமை வண்டி என்றேன். அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, இந்த ஞாயிறு கழியட்டும், அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

பதிலைப் பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்மணி கொண்டுவந்தார். கருவேப்பிலை கேட்டு வந்தவர், போகிற போக்கில், "இந்த வருஷம் சாண்டா காக்கா வரமாட்டாரா? பிள்ளைகள் என்னைத்தான் கேட்டுப் பிடுங்குகின்றன" என்று அவர் பாஷையில், என் ஹிந்திக்கும் புரிகிற மாதிரி கேட்டார். அக்கா கேட்காதது போல அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சாண்டா காக்கா எங்கள் அத்தான்தான்; காக்கா என்றால் மராட்டியில் சித்தப்பா. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோயில் பாடகர் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும். கேரல் ரவுண்ட்ஸ் என்போம். கூடவே சிவப்பு அங்கியும் முகமூடியும் போட்டு ஒருவர் ஆடிக்கொண்டு வருவார். அவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. தாத்தா வாயைத் திறக்கக் கூடாது, முகமூடியைக் கழற்றக் கூடாது. யாரென்று தெரிந்தாலும் தெரியாதது போலக் கை குலுக்கி மிட்டாய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் நடுச்சாமத்தில் வந்து தூக்கத்தைக் கெடுப்பார்கள். புனேயில் அடுக்குமாடிக்காரர்கள் சண்டைக்கு வருவதால் ஞாயிறு மத்தியானம் ஆரம்பித்து, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். கட்கியில் இருக்கிற இந்தத் தமிழ்ச் சபைக்கு வாலிப வயதிலிருந்து அத்தான்தான் தாத்தா. கடைசி வீடு எப்போதும் அவருடைய வீடு.

வெள்ளிக்கிழமை பாணேருக்குப் போனேன். அக்காவின் ஒரே மகன் ஜோயல் அங்கே ஐடி கம்பெனியில் இருக்கிறான். பஸ் நகர்ந்ததை விட நின்றதுதான் அதிகம். பக்கத்தில் இருந்த இரண்டு கிழவர்கள் முழுப் பயணமும் எந்தக் கடை மிஸல், அதாவது பயறுக் குழம்பு, அதிகக் காரம் என்று சண்டை போட்டார்கள். இறங்கும்போது, நீ சாப்பிடுவது நோயாளிக்குக் கொடுக்கிற மிஸல் என்று ஒருவர் முடித்து வைத்தார். ஜோயல் குடியிருப்பின் வாசலில் என்னைப் போட்டோ எடுத்து, பெயர் கேட்டு, மேலே போன் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். என் விடுதியில் கூட நான் இவ்வளவு செய்வதில்லை. குறித்துக்கொண்டேன்.

ஜோயல் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் கூரையைத் தொட்டது. மருமகள் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே எனக்குக் காபி கொடுத்தாள், நல்ல பெண். ஜோயலுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அம்மாவை இங்கே வந்து இருக்கச் சொல்லக் கூடாதா என்று நான் ஆரம்பித்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"கூப்பிட்டேன்ல சித்தி, எத்தன வாட்டி. வர மாட்டேங்குது. அது கூட பரவால்ல. அப்பா போனதுக்கு அம்மா அழவே இல்ல. ஒரு தடவ கூட இல்ல. ஃப்யூனரல்ல கூட எல்லாருக்கும் சாய் குடுத்துட்டு இருந்துச்சு. எனக்கு அதான் டர் லக்குது."

அவனுக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. நான் வந்ததிலிருந்தும் அவள் கண் கலங்கிப் பார்க்கவில்லை. பேச்சில் ஒரு குறையும் இல்லை, சமையலில் ஒரு குறையும் இல்லை. கல்லாக இருக்கிறாளே என்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத்தான் அழுகை வந்தது. ஊருக்குக் கொண்டுபோய் அம்மா கல்லறையில் உட்கார வைத்தாலாவது அழுவாள் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் கட்கியில் இறங்கிக் கோயிலுக்குப் போனேன். சாயங்காலம் பாடகர் குழு ஒத்திகை. குழுவை நடத்துகிற எட்வின் நாற்பது வயதுக்காரர், விஷ்ராந்த்வாடியில் குடியிருக்கிறார். அத்தானைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். ஸ்தோத்திரம் சொல்லி உட்கார வைத்து, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். ரூபி அக்கா மனசு நோகக் கூடாது என்று ஜெபம் பண்ணி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்களாம். இந்த வருஷம் அந்தச் சந்துக்கே ரவுண்ட்ஸ் போவதில்லை. அண்ணனுக்கு மரியாதையாகத் தாத்தாவும் வேண்டாம்.

ரொம்பச் சரி, முறைப்படி அதுதான் செய்ய வேண்டும் என்று நான் பாராட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். வார்டன் புத்தி விடுமா? தாத்தா உடுப்பு வீட்டில் சும்மாதானே கிடக்கிறது, நாளைக்கே கோயிலில் ஒப்படைக்கச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். எட்வின் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் பெட்டி கட்டச் சொல்லி அக்காவை விரட்டிக்கொண்டிருந்தேன். குளிருக்கு இன்னொரு போர்வை எடுக்க உள்ளறைக்குப் போனால், அங்கே கொடியில் சிவப்பு அங்கி காய்கிறது. வெள்ளைத் தாடியைச் சீவி, ஆணியில் மாட்டியிருந்தாள். கையுறைகள் துவைத்து, கிளிப் போட்டு இருந்தன. நல்லதாய்ப் போயிற்று, துவைத்தே வைத்திருக்கிறாளே என்று, எட்வினிடம் நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் அப்படியே ஒப்பித்தேன்.

அக்கா கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன்னைய யாருட்டி கேக்கச் சொன்னா? எங்க சந்துக்கு வர வேண்டாம்னு சொல்ல நீ யாரு?"

முறை என்று ஒன்று இருக்கிறதே அக்கா என்றேன். வீட்டில் சாவு விழுந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவார்களா, ஆட்டம் பாட்டம் வைப்பார்களா?

"சாவு வீட்டுக்கு வரக்கூடாதுன்னா, ஆண்டவரு பெத்லகேமுக்கே வந்திருக்கக் கூடாது. அவரு பொறந்த கையோட அந்த ஊர்ல எத்தனை பச்சப் பிள்ளைகள வெட்டிப் போட்டாங்க, ஒவ்வொரு வருஷமும் வேதத்துல வாசிக்கத்தான செய்தோம்? அந்த வீட்டுக்காரிகளுக்கும் சேத்துத்தான அவரு பொறந்தாரு? சந்தோஷமா இருக்கவன் வீட்டுக்கு மட்டும் போயிப் பாடுததுக்கு எதுக்குட்டி கோயிலு?"

விடுதிச் சிற்றாலயத்தில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வருகைப் பதிவு எடுக்கிறவள் நான். யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று பார்த்த அளவுக்கு, யாருக்காக வந்தார் என்று யோசித்ததில்லை.

அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தானுக்கு முழங்கால் மடங்கவில்லை, மூச்சு வாங்கியது. உடுப்பைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதாராம். சந்து முனையில் பாடகர் குழுவின் டெம்போ வந்து ஹாரன் அடிக்கிறது. இருவரும் ஒரே உயரம். அக்கா உடுப்பை வாங்கித் தான் போட்டுக்கொண்டு, வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, டெம்போவில் ஏறிவிட்டாள். அத்தான் ஆட்டம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். அடுத்த வருஷமும் அவள்தான் போனாள். வீட்டில் அத்தான் உள்ளறையில் இருப்பார். கடைசியாக இங்கே வந்து பாடி முடித்ததும் தாத்தா உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். அக்கா அடுப்படியிலிருந்து வடைத் தட்டோடு வருவாள்.

"யாருக்கும் தெரியாதா?" என்றேன்.

"தெரிஞ்சா அவருக்குக் கேவலம்லா? பொம்பளைய ஆட விட்டுட்டு உள்ள இருந்தாருன்னு பேசுவாங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்." கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "போன வருஷமே டாக்டர் சொல்லிட்டாரு, அதிக நாள் தாங்காதுன்னு. முகமூடிக்குள்ள அழுதுக்கிட்டேதான் ஆடுனேன். ஒரு பயலுக்கும் தெரியல. எனக்கு அழ எடம் அது ஒண்ணுதான் செல்வி. அதையும் போயி மரியாதை கிரியாதைன்னு அடைச்சிட்டீங்க."

நான் வெளியே வந்து, வாசற்படியில் நின்று எட்வினுக்குப் போன் செய்தேன். நேற்றுச் சொன்னதெல்லாம் தப்பு, எங்கள் சந்துக்கு வாருங்கள், கடைசி வீடு எங்கள் வீடுதான் என்றேன். தாத்தாவும் உண்டு, யாரென்று மட்டும் கேட்காதீர்கள் என்றேன்.

"கேக்க மாட்டேங்க்கா" என்றார்.

சனிக்கிழமை வண்டி எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. பெரியண்ணன் நான்கு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. மத்தியானம் கட்கி பஜாருக்குப் போய் உளுந்தும் நல்ல மிளகும் ஒரு காகித நட்சத்திரமும் வாங்கி வந்தோம். வழியில் வடாபாவ் தின்றோம். உருளைக்கிழங்கு போண்டாவை ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள், அவ்வளவுதான், ஆனால் கூடத் தருகிற பொரித்த பச்சைமிளகாய் ஆளைத் தூக்கி அடிக்கிறது. அக்கா நட்சத்திரத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள்.

ஞாயிறு மத்தியானம் அவள் வயிற்றில் தலையணையை வைத்து, அத்தானுடைய லுங்கியால் இறுக்கிக் கட்டியது நான்தான். மாவை ஆட்டி வை, சட்டியில் எண்ணெய் ஊற்றி வை, ஆனால் சுடுவது நான்தான் என்று உத்தரவு போட்டாள். பிறகு முகமூடியை மாட்டினாள். அதோடு பேச்சு நின்றது.

டெம்போ ஹாரன் அடித்தது. தாத்தா சந்துக்குள் இறங்கியதும் பிள்ளைகள் எங்கிருந்துதான் வந்தார்களோ, வாசலெல்லாம் கூச்சல். முனையில் பாட்டு ஆரம்பித்தது. தாத்தா ஒரு கையை இடுப்பில் வைத்து, தோளைக் குலுக்கி, ஒற்றைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றினார். என் கல்யாணத்தில் அத்தான் ஆடிய அதே ஆட்டம். பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்மணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அதே காக்கா மாதிரியே இருக்கிறாரே" என்றார். ஆமாம் என்றேன்.

மற்ற வீடுகளையெல்லாம் முடித்துவிட்டு, இருட்டி, தெருவிளக்குகள் எரிகிற நேரத்தில் குழு எங்கள் வாசலுக்கு வந்தது. ஜோயல் மனைவியோடு வந்து முன்னறையில் காத்திருந்தான். அம்மா எங்கே என்று அவன் இரண்டு தடவை கேட்டு, நான் இரண்டு தடவை மழுப்பியிருந்தேன். நட்சத்திரத்தின் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். தாத்தா இடது கையை நீட்டி எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். வாங்க தாத்தா என்று முறைப்படி கை குலுக்கினேன். கையுறை நனைந்திருந்தது.

பாட்டு முடிந்ததும், ஜெபம் பண்ணுவோம் என்றார் எட்வின். எல்லோரும் கண்ணை மூடினார்கள். திரைச்சீலை அசைந்தது. நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன், தாத்தா இல்லை. எட்வின் ஜெபத்தை முடிக்கவில்லை. இந்தக் குடும்பத்துக்காக ஜெபித்தார், அண்ணனுக்காக நன்றி சொன்னார், சபைக்காக, பிரயாணம் பண்ணுகிறவர்களுக்காக, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்காக, விவசாயிகளுக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தார். குழுவில் ஒரு பெண் செருமினாள். எட்வினும் ஒற்றைக் கண்ணைத் திறந்து அடுப்படிப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து முதல் வடை எண்ணெயில் விழுகிற சத்தம் கேட்டது.

"ஆமென்" என்றார் எட்வின்.

குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், ரூபி அக்காவைக் காணோமே என்றார். அடுப்படியில் இருப்பார்கள், வருவார்கள் என்று எனக்கு முன்னால் எட்வினே பதில் சொன்னார். நான் அவர் பக்கத்தில் போய், உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று காதில் கேட்டேன்.

"தாத்தா ரெண்டு வருஷமா இடது கையாலல்லாக்கா மிட்டாய் குடுக்கார்" என்றார் மெதுவாக. "எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கு மட்டும் தெரியாது எங்களுக்குத் தெரியும்னு. இந்த வருஷம் ரூபி அக்காவ எப்படிக் கூப்பிடது? கூப்பிட்டா, தெரியும்னு ஆயிரும்லா."

அக்கா வடைத் தட்டோடு வெளியே வந்தாள். பழைய சேலை, வேர்வையில் ஒட்டிய முடி, இரண்டு கண்ணும் சிவந்து இமை வீங்கியிருந்தது. எல்லோரும் வடையைத்தான் பார்த்தார்கள். சூடா இருக்கு, எடுத்துக்கோங்க என்று ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு போனாள். ஜோயல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

"அம்மா அழுதிச்சு இல்ல சித்தி?"

"ஆமாடா."

அவன் போய் அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான். அவள் வெறுங்கையோடு கொஞ்ச நேரம் அவன் தோளில் சாய்ந்து நின்றாள். பிறகு, எண்ணெய் காயுது என்று உள்ளே ஓடிவிட்டாள்.

என் போன் அடித்தது. பெரியண்ணன். இந்தத் தடவை எடுத்தேன். கிளம்பியாச்சா இல்லையா, துக்க வீட்டில் என்ன இவ்வளவு சத்தம், ரூபி எங்கே, அவளிடம் கொடு என்று வரிசையாகக் கேட்டார்.

"அடுப்படியில இருக்கா அண்ணே" என்றேன்.